ஓடாத ஃப்ரீசருக்கு என்ன விலை?

"பி.காம் படிக்கறவனுக்கு இதுகூடத் தெரியாதா?" எங்கள் சொந்தத்தில் மாதம் ஒருமுறையாவது நான் கேட்கிற வசனம் இது. பேங்க் லோன் ஃபாரம், வருமான வரி, கல்யாண மொய் நோட்டில் கூட்டல் தப்பு என்று எல்லாம் என் தலையில்தான் விழும். ஆனால் ஓடாத டீப் ஃப்ரீசர் ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்று தீர்ப்பு சொல்லச் சொன்னது இதுதான் முதல்முறை.

கேட்டவர் சின்ன மாமா. நெகமம் பக்கம் தென்னந்தோப்பு. ஃப்ரீசர் நின்றது உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில். பொள்ளாச்சி பஸ்ஸும் உக்கடத்தில்தான் ஏறவேண்டும் என்பதால் மாமா அந்தக் கடை வழியாகப் போய்வருகிற ஒவ்வொரு தடவையும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மேலே மூடி திறக்கிற வகை, 300 லிட்டர், ஐஸ்க்ரீம் கடையில் இருந்து வந்த சரக்கு. விலை 4,500. கடைக்காரர் ஒரே ஒரு குறைதான் சொன்னாராம்: "ஓடாதுங்க."

எதற்கு ஃப்ரீசர்? நீரா வைக்க. இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், சென்னைப் பக்க மக்களுக்காக.

தென்னம்பாளையைச் சீவினால் சொட்டுகிற சாறு ஒன்றேதான். பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். சுண்ணாம்பே இல்லாமல் ஐஸில் வைத்துக் குளிரக் குளிர இறக்கினால் நீரா. ஒன்றுமே செய்யாமல் சும்மா விட்டால் காற்றிலும் பானையிலும் இருக்கிற ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும், சர்க்கரை சாராயமாகும், அது கள். முதல் இரண்டும் உடம்புக்கு நல்லது, மூன்றாவது ஜெயிலுக்கு வழி. நடுவில் இருப்பது சில மணி நேரமும் சில டிகிரியும்தான்.

சட்டம் விளையாட்டில்லை. மதுவிலக்குச் சட்டம் 1937-ல் வந்தது. அந்த வருஷம் அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி அதை முதன்முதலாக அமல்படுத்தியது நம்ம பக்கத்துச் சேலம் மாவட்டத்தில். அதற்கும் முன்னால் பெரியார் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நடுவில் கடை திறந்தது, மூடியது என்று பல கதைகள். 1987-ல் இருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் கேரளா. அங்கே அதே சாறு உரிமம் வாங்கிய கடையில் கண்ணாடிக் குவளையில் வரும். இங்கே அதே மாமா அதே மரத்தில் இறக்கினால் கேஸ். கள் இறக்க அனுமதி கேட்டு நம்ம பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது தனிக் கதை.

2017-ல் அரசாங்கம் நீராவுக்கு மட்டும் கதவைத் திறந்தது. உரிமம் வாங்கித்தான் இறக்கவேண்டும், புளிக்கக் கூடாது. மாமா பங்கு போட்டிருக்கிற தென்னை உற்பத்தியாளர் கம்பெனி உரிமம் வைத்திருக்கிறது. "உங்க தோப்புல 25 மரம் ஒதுக்குங்க, எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்கள். மரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமாராக இரண்டு லிட்டர், மொத்தம் 50 லிட்டர். மரம் ஏறும் அண்ணனுக்குக் கூலி போக லிட்டருக்கு 30 ரூபாய் மாமா கையில் நிற்கும்.

தேங்காயில் இப்போது அவ்வளவு நிற்பதில்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துக் கிடக்கிறது. அது போதாதென்று வேர் வாடல் நோய். மாமா தோப்பில் ஒரு வரிசையே மொட்டையாகிவிட்டது. அதனால் நீரா என்றதும் அவருக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம். அத்தை சீட்டு எடுத்த 15,000 ரூபாயை மஞ்சப் பையில் சுருட்டி வைத்திருந்தார்.

நான் எக்செல் ஷீட் போட்டேன். வேறென்ன செய்வேன்!

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணை மூடினால் வரும். "பழைய இயந்திரம் ஒன்று வாங்கப்பட்டது, அதைச் சீர்செய்ய இவ்வளவு செலவு, கொண்டுவர இவ்வளவு, நிறுவ இவ்வளவு." ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை ரிப்பேர் செய்தால் வருவாயினச் செலவு. ஓடாத பழசை வாங்கி ஓட வைக்கும்வரை ஆகிற செலவெல்லாம் மூலதனச் செலவு, மெஷின் விலையோடு சேரும். தேர்வில் மூன்று மார்க். இதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது: ஓடாத பொருளுக்குக் கடைக்காரர் சொல்வது விலையே கிடையாது, அது முதல் தவணை மட்டும்தான்.

ஃப்ரீசர் 4,500. ரிப்பேர் 3,500 என்று குத்துமதிப்பாக. டாட்டா ஏஸ் வாடகை 1,200. வெளியே மாட்டுகிற டெம்பரேச்சர் கன்ட்ரோலர் 600. ஆக 9,800. புதுசு வாங்கினால் 25,000-க்குக் குறையாது என்று கடையில் சொன்னார்கள். தினமும் 50 லிட்டர், 30 ரூபாய் என்றால் 1,500. ஏழே நாளில் போட்ட காசு திரும்பும்! பிரிண்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். எங்கள் மேனேஜ்மென்ட் அக்கவுன்டிங் சார் ஒருமுறை, போட்ட காசு ரொம்பச் சீக்கிரம் திரும்புகிறது என்று கணக்கு சொன்னால் சந்தோஷப்படாதே, எதையோ விட்டுவிட்டாய் என்று அர்த்தம் என்றிருந்தார். அன்றைக்கு நான் கடைசி பெஞ்ச்.

அந்த 600 ரூபாய் கன்ட்ரோலர் யோசனை எங்கே கிடைத்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். பழைய ஃப்ரீசரை வேறு வேலைக்கு மாற்றுவது எப்படி என்று இணையத்தில் தேடினால் வந்து குவிகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற ஆட்கள். அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்குப் பிறகு அது அங்கே வீட்டுப் பொழுதுபோக்கு. (இங்கே முயற்சி செய்யவேண்டாம் மக்களே, மேலே 1937 என்று ஒரு வருஷம் எழுதியிருக்கிறேன், திரும்பப் படிக்கவும்.) பீரை ஒரே சூட்டில் பதினைந்து இருபது நாள் புளிக்க வைக்க அவர்களுக்குப் பழைய ஃப்ரீசர் வேண்டும். அவர்கள் வாங்குவது நொதிக்க வைக்க, நாங்கள் வாங்குவது நொதிக்காமல் இருக்க. பொருள் ஒன்றுதான்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. நிற்கிற ஃப்ரிட்ஜைவிட மேலே திறக்கிற பெட்டி ஏன் நல்லது? குளிர்ந்த காற்று கனம், மூடியைத் திறந்தாலும் கீழேயே கிடக்கும். ஃப்ரீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட் மைனஸ் 18-க்கு இழுக்கும், நீரா கல்லாகிவிடும். அதனால் வெளியே ஒரு கன்ட்ரோலர் வைத்து 3, 4 டிகிரியில் நிறுத்தவேண்டும். கம்ப்ரசர் நின்றதும் உடனே மறுபடி ஓட விடக்கூடாது, சில நிமிஷம் இடைவெளி வேண்டும். சென்சாரைக் காற்றில் தொங்க விடாமல் பாத்திரத்தின் உடம்பில் ஒட்டவேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு பெரிய இன்ஜினியர் மாதிரி உக்கடத்துக்குக் கிளம்பினேன். கூடவே மாமாவும், கிணத்துக்கடவில் ஏசி, ஃப்ரிட்ஜ் பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனும்.

அண்ணன் முதலில் பின்பக்கத் தகட்டைப் பார்த்தார். ஆர்-134ஏ. "இது பரவால்ல. பழைய ஆர்-12 சரக்கா இருந்தா தொட்டே இருக்கமாட்டேன்" என்றார். ஆர்-12 ஓசோனைத் தின்கிற வாயு, 2010-ஓடு இந்தியாவில் அதன் தயாரிப்புக்கு மூடுவிழா நடந்துவிட்டது. அப்புறம் கம்ப்ரசரின் மூன்று பின்னில் மீட்டரை வைத்தார். பொதுப் பின்னில் இருந்து மற்ற இரண்டுக்கும் வருகிற ஓம் இரண்டையும் கூட்டினால், அந்த இரண்டுக்கும் நடுவில் வருகிற ஓம் வரவேண்டும். வந்தது. பின்னுக்கும் பாடிக்கும் நடுவே ஒன்றும் காட்டக்கூடாது. காட்டவில்லை. "காயில் நல்லாருக்குங்." மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கோயமுத்தூர்க்காரன் எதற்கும் பயப்படமாட்டான், மோட்டாருக்கு மட்டும் சுத்தமாகப் பயப்படமாட்டான். ரீவைண்டிங் செய்ய முடியாத மோட்டாரே உலகத்தில் இல்லை என்று நம்புகிற ஊர் இது. ஆனால் ஃப்ரீசர் கம்ப்ரசர் இரும்புச் சட்டிக்குள் வைத்து வெல்டு அடித்தது, காயில் போனால் நம் சிங்காநல்லூர் சாமர்த்தியமெல்லாம் அங்கே செல்லாது. அது போகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். போயிருந்தது ரிலே. அண்ணன் பையில் இருந்து ஒரு பழைய ரிலேயை எடுத்து மாட்டி ஸ்விட்சைப் போட்டார்.

ஓடியது!

கடைக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. 4,500 என்று சொல்லிவிட்டோமே என்ற வருத்தம் அப்பட்டமாகத் தெரிந்தது. மாமா பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். அண்ணன்தான், "இருங், ஒரு மணி நேரம் ஓடட்டும். டீ சாப்ட்டு வரலாம்" என்றார்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தால், உள் சுவரில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாகப் பனி. மீதிச் சுவரெல்லாம் வெறும் ஈரம். எனக்குப் பனியைப் பார்த்ததும் குஷி. அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். கேஸ் முழுசாக இருந்தால் நாலு சுவரும் ஒரே மாதிரி வெளுக்குமாம். ஒரு மூலையில் மட்டும் என்றால் கேஸ் பாதிதான் இருக்கிறது. பாதிதான் இருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை. வெளியே தெரிகிற குழாய், ஜாயின்ட் எல்லாம் சோப்பு நுரை வைத்துப் பார்த்தார், ஒரு குமிழிகூட வரவில்லை.

"அப்ப சுவத்துக்குள்ளதானுங்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். மேலே திறக்கிற ஃப்ரீசரில் குளிர்க் குழாய் உள் தகட்டுக்குப் பின்னால் சுற்றப்பட்டு, அதன்மேல் ஃபோம் ஊற்றி மூடப்பட்டிருக்கும். பல மாடல்களில் சூட்டை வெளியேற்றுகிற குழாய்கூட வெளிச் சுவருக்குள்தான். அங்கே ஓட்டை விழுந்தால் சுவரை அறுத்துத்தான் பார்க்கவேண்டும். அறுத்தால் பெட்டி போச்சு. அறுக்காமல் கேஸ் மட்டும் அடித்துவிட்டால் மாசமோ ரெண்டு மாசமோ ஓடும், அப்புறம் பழைய கதை. "கேஸ் அடிச்சு ஓட வெச்சுத் தந்துருவேன், காசும் வாங்கிக்குவேன். ஆனா பொங்கலுக்கு உங்க மூஞ்சில முழிக்க முடியாதுங்" என்றார் அண்ணன். நல்ல மனுஷர்.

மாமா விடவில்லை. மாசத்துக்கு ஒருமுறை கேஸ் அடித்தாலும் நாளைக்கு 1,500 வருகிறதே, உன் பேப்பரில் அப்படித்தானே இருக்கிறது என்று பையில் இருந்து அந்த பிரிண்ட் அவுட்டை எடுத்து விரித்தார். அப்போதுதான் அண்ணன் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "அதென்னுங், ராத்திரி பூராவும் சாறு மரத்துல சும்மா தொங்குமா?"

மாமாவின் திட்டமே அதுதான். கம்பெனிக்காரர்கள் மரத்துக்கு ஒரு ஐஸ் பெட்டி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். காசர்கோடு மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த முறை அது: பாளை நுனியிலேயே பெட்டியைப் பொருத்தி, உள்ளே ஐஸ் வைத்து, சொட்டுகிற சொட்டே குளிரில் விழுகிற மாதிரி. அதைத்தான் அவர்கள் கல்பரசா என்கிறார்கள். மாமாவோ, 25 பெட்டிக்குச் செலவழிப்பதற்குப் பதில் கீழே ஒரே ஒரு ஃப்ரீசர் வைத்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டார். நானும் அதற்கு ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் கட்டின பானை காலையில் இறங்குகிறவரை பன்னிரண்டு மணி நேரம். ஃப்ரீசரின் மூடியைத் திறக்கும்போது அது நீராவாக எங்கே இருக்கப்போகிறது!

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "இது பால் சொசைட்டில வெச்சிருக்கற கூலர் மாதிரி இல்லீங். குளுந்ததைக் குளுந்தாப்புல வெச்சிருக்கும். சூடா வெச்சுட்டு எப்பக் குளுரும்னு கேக்கப்படாது." நான் பத்தாம் வகுப்போடு அறிவியலுக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் போட்டுப் பார்த்தேன். 50 லிட்டரைத் தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொண்டு, 28 டிகிரியில் இருந்து 4-க்கு இறக்கவேண்டும். 50 பெருக்கல் 4.2 பெருக்கல் 24. சுமார் 5,000 கிலோ ஜூல். இந்த சைஸ் ஃப்ரீசர் நொடிக்கு 150 ஜூல் சூட்டை உறிஞ்சுகிறது என்று தாராளமாக வைத்தாலும் ஒன்பது மணி நேரம்! புத்தம் புதுசாக 25,000 கொடுத்து வாங்கினாலும் இதே ஒன்பது மணி நேரம்தான். நான் ரிலேயையும் கேஸையும் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அது நல்லபடியாக ஓடியிருந்தால்தான் எங்களுக்கு ஆபத்து. சந்தோஷமாக வாங்கி, 50 லிட்டர் கள்ளைப் பத்திரமாகக் குளிரூட்டி வைத்திருப்போம். மாட்டினால் மாமாவுக்கு மட்டுமா? கம்பெனி உரிமமே போகும், அதில் பங்கு போட்ட அத்தனை பேருக்கும் அடி.

என் ஷீட்டில் வேறு ஓட்டைகளும் இருந்தன. தோப்பில் இருப்பது பம்புசெட்டுக்கான இலவச மின்சாரம், அதில் ஃப்ரீசரைச் சொருகினால் அது தனி வழக்கு. வீட்டு லைனில் இருந்து இழுத்தால் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் வேண்டும். இதெல்லாம் சில ஆயிரம்தான், திருத்திவிடலாம். ராத்திரி பன்னிரண்டு மணி நேரத்தைத் திருத்த முடியாது.

தோப்பு வீட்டுத் திண்ணையில் மாமாவிடம் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் அரை மணி நேரம் கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். "மாமா, நான் போட்ட கணக்கு தப்புங்க." அவர் ஒன்றும் பேசவில்லை. பிரிண்ட் அவுட்டை எடுத்து அவரே ஒருதடவை பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் காட்டீட்டனேடா" என்றார். அது திட்டுவதைவிட மோசம்.

அத்தை கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஏங் கண்ணு, அந்தப் பொட்டி குளுருதோ குளுரலயோ, சூடு உள்ள வராதில்ல?"

வராது. இரண்டு அங்குல ஃபோமுக்கு மேல் இருக்கிறது. கேஸ் போனால் ஃபோம் போகாது. மரத்துக்கு மரம் ஐஸ் பெட்டி வைப்பதென்றால் தினமும் இரண்டு வேளை ஐஸ் மாற்றவேண்டும், அவ்வளவு ஐஸை இந்த மாதிரி ஃப்ரீசர் ஒன்று நாள் முழுக்க ஓடினாலும் செய்து தராது. பொள்ளாச்சி ஐஸ் ஃபேக்டரியில்தான் வாங்கவேண்டும். வாங்கின ஐஸையும் இறக்கின நீராவையும் கம்பெனி வண்டி வரும்வரை வைக்க ஒரு பெட்டி வேண்டும். ஓடவேண்டிய அவசியமே இல்லாத பெட்டி! மறுபடி செல்போன்: வெயில் கொட்டகையில் அந்த அளவுப் பெட்டி ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது கிலோ ஐஸைத் தின்னும். கிலோ 4 ரூபாய். கரண்ட் பில்லை யோசித்தால் பெரிய விஷயமில்லை.

அடுத்த வாரம் மறுபடி உக்கடம். ஓடுகிற ஃப்ரீசராகிவிட்டதே என்று கடைக்காரர் 6,000-க்கு ஏற்றி வைத்திருந்தார். ஓட்டை எங்கே என்று மெக்கானிக் அண்ணன் பொறுமையாக விளக்கினார். நான் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, கம்ப்ரசரையும் செம்புக் குழாயையும் நீங்களே கழட்டிக்கங்க. வெறும் பொட்டிக்கு என்னங்க வேணும்?" காயில் நல்லாயிருக்கிற கம்ப்ரசரை அவர் தனியாக விற்றுக்கொள்வார். கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 1,200-ல் முடிந்தது. டாட்டா ஏஸ் வாடகையும் 1,200. பெட்டியும் வாடகையும் ஒரே விலை என்று மாமா வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெட்டியின் பின்பக்க ஓட்டையை அத்தை பழைய செருப்பு ரப்பரும் எம்-சீலும் வைத்து அடைத்தார்.

25 மரம் இல்லை, பத்து மரம்தான். பத்து ஐஸ் பெட்டி 7,000. மஞ்சப் பையில் இன்னும் 5,600 இருக்கிறது. புது ஷீட்டில் போட்ட காசு திரும்ப இரண்டு மாதம் என்று வருகிறது, ஐஸ் விலை ஏறினால் இன்னும் தள்ளும். இந்தத் தடவை பிரிண்ட் எடுத்துத் தரவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

முதல் நாள் காலை 18 லிட்டர் இறங்கியது. பத்தாவது மரத்துப் பெட்டியில் மட்டும் ஐஸ் போட மறந்துவிட்டார்கள், அந்தக் கேன் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்றது. கொட்டிவிடச் சொல்லிவிட்டு மற்ற ஒன்பதையும் பெட்டிக்குள் வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது கேன் காலியாகத்தான் இருந்தது. மண்ணில் ஈரம் மட்டும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை :)